நெருப்புக்கோழியின் மானம்போன பத்துத் தருணங்கள்

ட்ரம்ஸ் அடிக்கிறவனின் கையிலிருந்து நழுவிய குச்சி, வாழ்த்துரை சொல்ல மேடையேறிய பிரதம விருந்தினரின் மொட்டைத் தலையில் போய் விழுந்ததே, அதுதான் முதலாம் இடம் என்று வாமதேவன் அடித்துச் சொன்னார்.

மற்ற இருவரும் கேட்டபாடில்லை.

பாரிஸின் லாச்சப்பலில் தேநீர்க் கடையொன்றின் மூலை மேசை. ஞாயிறு மத்தியானம். ஸ்ரீபன் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தான். இங்கேயே பிறந்து வளர்ந்த லக்சிகா, மீன் ரோல்ஸைக் கடித்தபடி ஒவ்வொரு வீடியோவுக்கும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

நெருப்புக்கோழி என்றால் தெரியாத தமிழ்ப் பிள்ளை ஒரு காலத்தில் ஐரோப்பாவில் இல்லை. கனடாவில் நாலு பெடியள் சேர்ந்து தொடங்கிய ரொக் இசைக்குழு. எட்டு வருடத்துக்கு முன் உடைந்துபோனது. அடுத்த மாதம் மறுபடி பாரிஸில் மேடையேறுகிறது. நிகழ்ச்சி தொடங்குமுன் திரையில் போடுவதற்காக, குழுவின் மானம்போன பத்துத் தருணங்களை ரசிகர் மன்றம் தொகுக்கிறது. பகிடிக்குத்தான். தன் தெய்வத்தை நக்கலடிப்பதைவிட ரசிகனுக்கு வேறென்ன சந்தோசம்?

பாடகன் கரிகாலன் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க, அவன் குரல் மட்டும் தன்பாட்டில் பாடிக்கொண்டிருந்த சூரிச் நிகழ்ச்சி இரண்டாம் இடம். கிற்றார்க்காரனின் காற்சட்டை கிழிந்த லண்டன் நிகழ்ச்சி மூன்றாம் இடம். சண்டை முதலாம் இடத்துக்குத்தான்.

மற்ற இருவரும் அதில் வைத்திருந்தது பாரிஸ் துண்டு.

நம்மவர் நிகழ்ச்சியில் மேடைக்குத் துண்டுக் கடதாசி போகாமல் இருக்குமா? பிறந்தநாள் வாழ்த்து, விருப்பப் பாடல், வழியை மறித்து நிற்கும் காரின் நம்பர். அப்படி ஒரு துண்டு மேடையோரத்திலிருந்து நீள்கிறது. கரிகாலன் பாடிக்கொண்டே வாங்கிப் பிரிக்கிறான். பாட்டு நிற்கிறது. மைக்கைத் தரையில் வைத்துவிட்டு இறங்கிப் போகிறான். ஆயிரத்து இருநூறு பேர் கூக்காட்டுகிறார்கள், கதிரை பறக்கிறது. யாரோ சினிமாப் பாட்டுக் கேட்டார்களாம், ஐயாவுக்கு ரோசம் வந்துவிட்டதாம். அதற்குக் கோழி கொக்கரிக்கும் சத்தம் வேறு சேர்த்து வைத்திருக்கிறார்கள், பாவிகள்.

துண்டைக் கொடுத்த கை வாமதேவனுடையது. அது மன்றத்தில் எல்லோருக்கும் தெரியும்.

துண்டில் இருந்த எழுத்தும் அவருடையதுதான். அது ஒருவருக்கும் தெரியாது.

அன்றைக்கு நோட்டீஸில் தொடர்புக்கு என்று போட்டிருந்தது அவருடைய நம்பர். ரொறொன்ரோ ஆஸ்பத்திரியிலிருந்து கரிகாலனின் மனைவி அழைத்தாள். இவர் போனை நிறுத்தி வைத்திருக்கிறார், மாமா கடைசிக் கட்டத்தில் கிடக்கிறார், மகனின் குரலைத்தான் கேட்கிறார் என்று அழுதாள். வாமதேவன் எழுதினார்: அப்பாவுக்குக் கடுமை. உடனே வீட்டுக்குப் போன் எடுக்கவும்.

பிறகு சனம் அவருடைய சட்டையைப் பிடித்து, துண்டில் என்ன இருந்தது என்று கேட்டபோது, பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னார். அந்தச் சினிமாப் பாட்டுக் கதை அவர் கட்டிவிட்டது. அது குழுவையே தின்றுவிட்டது. கரிகாலன் மானஸ்தன், ஒருவருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

இனி அந்த வீடியோ திரையில் ஓடும். கரிகாலன் பார்ப்பான். துண்டு தந்தவன் யார் என்று கேட்பான்.

மனுசனைக் கூப்பிட்டு வைத்து அவமானப்படுத்துவதா என்று வாமதேவன் கேட்டுப் பார்த்தார். பகிடிதானே என்றாள் லக்சிகா. மன்றத்தை விட்டே போய்விடுவேன் என்று வெருட்டினார். ஸ்ரீபன் தேத்தண்ணிக் கோப்பையை அவர் பக்கம் தள்ளிவிட்டான். கடைசியில் கெஞ்சினார். பிரெஞ்சுக்காரனின் உணவகக் குசினியில் இருபது வருடம் நின்றும் ஒருத்தனிடமும் கெஞ்சாத மனுசன்.

பட்டியலைக் காலையிலேயே கரிகாலனுக்கு அனுப்பிவிட்டேன், அவர் வேண்டாம் என்றால் எடுத்துவிடுவோம் என்றான் ஸ்ரீபன். வாமதேவனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. எந்த மகன் அதைப் போடச் சொல்லுவான்?

பதில் அவர்கள் மேசையை விட்டு எழும்புமுன்னே வந்துவிட்டது. வாசிக்க வாசிக்க ஸ்ரீபனின் முகத்தில் சிரிப்பு செத்தது.

அது சினிமாப் பாட்டு இல்லை, அப்பாவின் செய்தி என்று கரிகாலன் எழுதியிருந்தான். வெளியே ஓடிப்போய்ப் போன் எடுத்தபோது அப்பா போய் ஐந்து நிமிடமாம். ஆனாலும் அவ்வளவு சனத்துக்குள்ளும் இடிபட்டு அதைக் கொண்டுவந்து சேர்த்தவரைத் தான் ஒருநாளும் மறக்கவில்லையாம். வீடியோவை முதலாவதாகப் போடுங்கள், உண்மையை நானே சொல்கிறேன், அந்த மனுசனை மேடைக்குக் கூப்பிட்டு எல்லோருக்கும் முன்னால் கும்பிட வேணும் என்று முடித்திருந்தான்.

லக்சிகா கோழிச் சத்தத்தை அழித்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வாமதேவனின் கையைப் பிடித்துக்கொண்டு, மேடைக்கு ஏறும்போது பின்னால் என்ன பாட்டுப் போட என்று கேட்டாள்.

"இதென்ன கேள்வி, வாமதேவன் அண்ணையின்ரை விருப்பப் பாட்டுத்தான்," என்றான் ஸ்ரீபன். "அந்தப் பதினொரு நிமிசப் பாட்டு."

வாமதேவன் ஓம் என்று தலையாட்டினார்.

அந்தப் பாட்டை நெருப்புக்கோழி மேடையில் பாடியது ஒரே ஒரு தடவை, அன்றைக்குத்தான். துண்டை எழுதிக்கொண்டு ஓடிவந்து வாமதேவன் மேடைப் படியில் கால் வைக்க, அதன் முதல் கிற்றார் எழும்பியது. மூன்று வருடமாக அவர் காத்திருந்த பாட்டு. நல்லது நடக்கும்போது கெட்ட சேதி சொல்லக் கூடாது என்பது நம்மவர் வழக்கம்தானே, முடியட்டும், பிறகு கொடுப்போம் என்று நின்றுவிட்டார்.

கண்ணை மூடிக்கொண்டு முழுதாகக் கேட்டார். முடிந்ததும், துண்டைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தட்டினார்.