பூ நிற்கும் அளவுக்கு

"டாக்டர் சரின்னுட்டாருங்க! அடுத்த மாசம் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போறேன்!" நிமோனியாத் தடுப்பூசி போட்ட கையைத் தேய்த்துக்கொண்டே ருக்குமணி வீட்டுக்குள் ஓடிவந்தாள்.

புற்றுநோய் குணமாகியும், எதிர்ப்புச் சக்தி குறைவென்று இரண்டு வருடமாக அவளைக் கூட்டத்துக்குள் விடாத டாக்டர் அவர்.

கணவன் சிங்காரத்துக்குத் தலைகால் புரியவில்லை. பாசார்ப் பூக்கடைக்குப் பறந்து மல்லிகைச் சரத்தோடு வந்தான். தோளைத் தொட்ட அவள் முடியில் வைத்துப் பார்த்தான்.

"பூ நிக்குது லா! பூசத்தன்னிக்கு இதுக்கு ரெண்டு மடங்கு வாங்கித் தரேன்."

"அன்னிக்கு முடியே இருக்காதுங்க. மொட்டை போடப் போறேன்."

"ஐயோ, மறுபடியுமா?" சிங்காரம் பதறினான்.

"அப்போ மருந்து பிடுங்கிக்கிச்சு. இந்தத் தடவ முருகனுக்கு நானே குடுக்கிறேன்!"