எழுந்து நில்!

வாசகர்களே, வாருங்கள்! ஒரு திரையரங்கில் நடந்த அநீதிக்கு நீங்களே சாட்சியாகுங்கள்.

திரையில் பங்க் ராக் பாடகன் ஒருவனைப் பற்றிய ஆவணப்படம். முதலாளிகளை எதிர்த்தே பாடித் தீர்த்த கலகக்காரன் அவன். இறுதிக் காட்சியில், "எழுந்து நில், உழைப்பவனே!" என்று அவன் முழங்கியதும் அரங்கமே எழுந்து கைதட்டியது. கடைசி வரிசையில் ஒரு கணவனும் மனைவியும் மட்டும் இருக்கையில் சாய்ந்தே கிடந்தார்கள்.

கண்ணீர் மல்கக் கைதட்டிக்கொண்டிருந்த பக்கத்து இருக்கைக் கனவானுக்குப் பொறுக்கவில்லை.

"எழுந்திரும்மா! பங்க்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம என்னங்க? மூணு வருஷமா ரெண்டு பேரும் பங்க்லதானே நிக்கிறோம்," என்றாள் மனைவி.

"அடடே! பாடுவீங்களா?"

"பெட்ரோல் போடுவோம். நாள் முழுக்க நின்னுக்கிட்டேதான். பங்க்னு பேரைப் பார்த்ததும் நம்ம கதைன்னு நம்பி இவர் இழுத்துட்டு வந்துட்டார். போகுது, உட்கார ஒரு சீட்டாவது கிடைச்சுதே."

"அடப்பாவமே! உட்காரக்கூட விடாத அந்த முதலாளி யாரும்மா?"

கணவன் அலுப்போடு கண் திறந்தான்.

"நீங்கதான் முதலாளி. நாங்க உட்கார்ந்து நீங்க பார்த்ததே இல்ல. அதான் அடையாளம் தெரியல."

வாசகர்களே, அடுத்த முறை பெட்ரோல் போட வண்டியை நிறுத்தினால், இந்தக் கேள்வியைக் கேட்காமல் நகராதீர்கள்: "இவர்களுக்கு நாற்காலி எங்கே?"