இரண்டாவது சிரட்டை

"பேரைச் சொல்லிடு அண்ணே. பேர் தெரிஞ்சாத்தான் அதைத் துரத்த முடியும்."

போதகர் இலைசா வேதாகமத்தை நெஞ்சோடு அணைத்தபடி வாசலிலேயே நின்றான். உள்ளே அண்ணன் அபிசாய் பாயில் சம்மணமிட்டு, வேர்ப்பொடியைத் துணியில் கட்டி, கிறக்கம் தரும் யங்கோனாப் பானத்தைத் தண்ணீரில் பிழிந்துகொண்டிருந்தான். முற்றத்து ஈரப்பலா மரத்தடியில் சபையார் முப்பது பேர் கூடியிருந்தார்கள்.

"எதோட பேரை?"

"தெரியாத மாதிரி கேக்காத. தினம் சாயங்காலம் ரெண்டு சிரட்டை ஊத்துற. ஒண்ணை நீ குடிக்கிற. இன்னொண்ணை எதிர்ல வச்சு, 'எடுத்துக்கடா'ன்னு கைதட்டுற. அப்புறம் அதைக் கொண்டுபோய் மரத்தடியில ஊத்துற. பக்கத்து வீட்டு வாசெமாதா எல்லாத்தையும் பார்த்திருக்கா."

"அவ தன் வீட்டு அடுப்பைவிட என் வீட்டு வாசலைத்தானே அதிகமா பார்க்கிறா!"

கண்டாவுத் தீவில் தனியாக யங்கோனா குடிப்பவன் பிசாசோடு குடிக்கிறான் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டாவது சிரட்டையும் ஊற்றினால் சந்தேகமே இல்லை.

இலைசாவை அவமானம் பிடுங்கித் தின்றது. 'பிசாசுக்கு ஊத்துறவனோட தம்பி நமக்குப் பிரசங்கம் பண்றான்' என்று போன ஞாயிறு பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தது அவன் காதில் விழுந்திருந்தது. இன்று ஆராதனை முடிந்ததும் அவனே சபதம் செய்துவிட்டான். அண்ணன் வாயிலிருந்து அந்தப் பேரை வரவழைப்பேன், எல்லோருமாக அதைத் தீவைவிட்டே விரட்டுவோம். பேரைச் சொல்லாவிட்டால் அண்ணன் ஊரைவிட்டுப் போக வேண்டும்.

"தனியா குடிக்கணும்னு உனக்கென்ன தலையெழுத்து?" என்றான்.

"நானாடா கேட்டேன்? புதுச் சபையில சேர்ந்ததும், யங்கோனா குடிக்க உக்கார்ற பாயே பிசாசோட பாய்னு நீதான் பிரசங்கம் பண்ண. இப்ப ஒருத்தனும் வர்றதில்ல. யாரோட குடிக்கிறது?"

இலைசாவுக்குச் சுருக்கென்றது. அவன் இந்தப் படி ஏறி நாலு வருடமாயிற்று. அண்ணி செத்த அன்றுகூட, உள்ளே யங்கோனா கரைத்திருக்கிறார்கள் என்று வாசலிலேயே ஜெபித்துவிட்டுத் திரும்பியவன் அவன்.

"பேச்சை மாத்தாத. பேரைச் சொல்லு."

"சொன்னா அவனுக்குத்தான் அசிங்கம். விட்டுடு."

"பிசாசுக்கு என்ன அசிங்கம்?"

மரத்தடியில் சிரிப்பு எழுந்தது. "விட்டுடாதீங்க போதகரே! பேரைக் கறந்துடுங்க!"

அந்தச் சிரிப்பில் இலைசாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. விறுவிறுவென்று உள்ளே நுழைந்து, அண்ணனுக்கு எதிரே நிரப்பி வைத்திருந்த சிரட்டையைப் பிடுங்கினான். யங்கோனா பாய் முழுக்கக் கொட்டியது.

"இதைத் தூள் தூளாக்கினா எல்லாம் சரியாயிடும்!" என்று ஓங்கினான்.

"வேண்டாம்டா!" அபிசாய் கையை நீட்டித் தடுத்தான். "உடைக்கிறதுன்னா உடை. அதுக்கு முன்னாடி ஒரு தடவை திருப்பிப் பாரு."

இலைசா திருப்பினான். வழுவழுவென்று தேய்ந்த சிரட்டை. விளிம்பில் பல் அளவுக்கு ஒரு மூளி. கட்டைவிரல் தானாகவே அந்த மூளியில் போய் உட்கார்ந்தது. ஓங்கிய கை மெல்லக் கீழே இறங்கியது.

அபிசாய் தலைகுனிந்து பாயைத் துடைத்துக்கொண்டிருந்தான். "மெதுவாப் பேசு" என்றான். "வெளிய கேட்டுடப் போகுது."

"பேர் கிடைச்சுதா போதகரே?" வாசெமாதாவின் குரல்தான் முதலில் வந்தது. "சத்தமாச் சொல்லுங்க, துரத்திடலாம்!"

முப்பது பேரும் கையை உயர்த்தித் தயாராக நின்றார்கள். இலைசா சிரட்டையோடு வாசலுக்கு வந்தான். யாருடைய முகத்தையும் அவனால் பார்க்க முடியவில்லை. பதினாறு வயதில் அப்பா அவன் கையில் கொடுத்த முதல் சிரட்டை அது, வாங்கிய அன்றே கீழே போட்டு அவன் மூளியாக்கியது.

"இலைசா" என்றான்.