மேற்கு வாசல்

"உனக்குப் பயமே வராதோடி?" என்று என்னோடு சிலம்பம் பழகும் ஜொஹறா ஒருநாள் கேட்டாள். இப்போது நெடுங்கேணிக் காட்டுச் சிலம்பக்கூடத்தின் மணற்குழியில் அவளுக்கு எதிரே நிற்கிறேன். மாலை வெயில் எங்கள் நிழல்களை மணலில் நீட்டிப் போட்டிருக்கிறது. யாருடைய நிழலில் கம்படி விழுகிறதோ அவர் தோற்றவர். நிழலை இங்கேயே விட்டுவிட்டு மேற்கு வாசலால் போய்விட வேண்டும். திரும்பி வர முடியாது. முன்பு தோற்றவர்களின் நிழல்கள் ஆளில்லாமல் சுவரோரம் அசைகின்றன. "என்னடி, கம்பு பிடிக்கிறியோ, மா இடிக்கிறியோ?" என்று ஆசான் நாகேஸ்வரி அக்கா மேலேயிருந்து அதட்டுகிறார். வியர்த்த கையிலிருந்து என் கம்பு நழுவி விழுகிறது. என் நிழலின் கழுத்துக்கு மேலே ஜொஹறாவின் கம்பு ஓங்கி நிற்கிறது. "ஐயோ, அடியாதை," என்கிறேன். அவள் என்னையே பார்க்கிறாள். பிறகு மெல்லக் குனிந்து தன் கம்பை மணலில் தன் நிழலின் மேலேயே வைக்கிறாள். மேற்கு வாசலால் போகிறாள். அவளுக்குப் பின்னால் நிழல் போகவில்லை.