துரையின் கால்

இப்போதெல்லாம் எவனும் எதையும் பழகுவதில்லை. கடைக்குப் போய் அடுத்தவன் பழக்கத்தை உடம்பில் ஏற்றிக்கொள்கிறான். என் தங்கை ஸ்டெல்லாவின் புருஷன் மரியதாஸும் அப்படித்தான். பழைய இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள் ஒன்றை நட்டு முதல் பெயிண்ட் வரை ஒரிஜினலாக்கினான். அதில் இப்போதைய வண்டிகளுக்கு நேர்மாறாகக் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அவனுக்குப் பிடிபடவில்லை. உடனே கடைக்காரன், அந்த வண்டியை முதலில் ஓட்டிய எஸ்டேட் துரையின் கால் பழக்கத்தை இவன் கால்களில் ஏற்றிவிட்டான்.

நேற்று மாதா கோயிலுக்கு என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கிளம்பினான். மலைப்பாதையின் பத்தாவது வளைவில் அவன் கால் பிரேக்கைத் தொடவில்லை. வண்டி நேரே போயிற்று. அந்தப் பக்கம் முன்பு துரை பங்களா இருந்தது. மண்சரிவில் பாதையோடு போய்விட்டது, இப்போது வெறும் பள்ளம்.

"மாப்ள, அங்க ரோடே இல்ல."

கை பிரேக்கை இறுக்கிப் பிடித்தான். விளிம்பில் நின்றோம்.

"கைதான் என்னுது மச்சான். கால் துரை வீட்டுக்குப் போவுது." சிரிக்கப் பார்த்தான்.

"அத எடுக்கச் சொல்லுங்க."

"எடுத்தா நடக்கவே வராதாம். என் பழக்கத்த அழிச்சுட்டுத்தான் இத ஏத்தியிருக்கான். போகப்போக சரியாயிடும்னான்."

"நாளைக்கு ஸ்டெல்லாவ இதுல ஏத்துவீங்களா?"

சாவியை எடுத்துக்கொள்ளலாம் என்றால் ஒரிஜினல் வண்டிக்குச் சாவியே கிடையாது. பிளக் ஒயரைப் பிடுங்கிப் பையில் போட்டேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஊர்ப்பக்கம் நடந்தேன்.

"சரியாயிடும் மச்சான்," என்றான் மறுபடி.

நான் நம்பவில்லை. கை என்னோடு வந்தது. கால்கள் பள்ளத்துப் பக்கமே இழுத்தன.