ஏரிக்கரை வழியாக

"சொன்னா கேளு தனக்கோடி. ஜி.எஸ்.டி. ரோட்டோடயே போயிடலாம். ஏரிக்கரை நமக்கு வேணாம்."

பொத்தேரி வந்ததும் கங்கையம்மாள் நின்றுவிட்டாள். கோவிலம்பாக்கத்திலிருந்து மேல்மருவத்தூருக்கு நடந்து போகும் பதினொரு சிவப்புச் சேலைகளுக்கும் அவள்தான் தலைவி.

"ஏன்க்கா? வெறுங்காலோட தாரு ரோட்டுல நடந்து காலெல்லாம் கொப்புளம். அங்க மண்ணு பாதை. தாமரை பூத்துக் கெடக்கு, காத்து வருது. ரெண்டு கிலோமீட்டர் சுத்து, அவ்ளோதான?"

"காத்து வரும். கூடவே அங்காளம்மா வூடும் வரும்!"

தனக்கோடியின் மகள் ஜெயப்ரியாவைத் தன் மகனுக்குப் பெண் கேட்டு, தட்டு மாற்றி, மண்டபமும் பிடித்த பிறகு கல்யாணத்தை நிறுத்தியவள்தான் அந்த அங்காளம்மா. யாரோ எழுதிய மொட்டைக் கடுதாசி செய்த வேலை. அதில் பெண்ணைப் பற்றி ஒரு குறையும் இல்லை. 'பெண்ணின் அம்மா மீன் விற்கும் வாயாடி, நாளைக்கு உங்கள் வாசலிலேயே நின்று சண்டை போடுவாள்' என்று தனக்கோடியைத்தான் கிழிகிழியென்று கிழித்திருந்தது.

"அவ வூட்டு வாசல்ல போய் நின்னா ஊரே சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும். நான் இன்னா திருடினேனா? இன்னிக்கு நான் ஒதுங்கிப் போனா, நாளைக்கு எம் பொண்ணு காட்டாங்குளத்தூர் காலேஜுக்குத் தலையைத் தொங்கப் போட்டுக்கினுதான் போவணும். வர்றவங்க வாங்க!"

விறுவிறுவென்று ஏரிக்கரையில் ஏறிவிட்டாள். முணுமுணுத்துக்கொண்டே மற்ற பத்துப் பேரும் பின்னால் போனார்கள். நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. அதையெல்லாம் பார்க்க யாருக்கும் மனசில்லை.

கரை முடியும் தெருவில், வாசலில் குடத்தோடு நின்றாள் அங்காளம்மா. நடந்து வருபவர்களின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுவது அந்தத் தெரு வழக்கம். அதில் வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்க முடியாது. தனக்கோடி நேராகப் போய்க் காலை நீட்டினாள்.

தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டு நிமிர்ந்தபோது அங்காளம்மாவின் கண் கலங்கியிருந்தது.

"என்னை மன்னிச்சுடும்மா. ஒரு கடுதாசியை நம்பி நல்ல பொண்ணை விட்டுட்டேன். அப்புறம்தான் விசாரிச்சேன். உன்னைப் பத்தி ஒருத்தரும் ஒரு குறை சொல்லல. இப்பவும் இன்னா கெட்டுப் போச்சு? அடுத்த மாசமே முடிச்சுடலாம். காலேஜை மட்டும் நிறுத்திடு. படிச்சது போதும்."

கங்கையம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மருவத்தூர் அம்மா கண்ணைத் தொறந்துட்டா! சரின்னு சொல்லுடி. உன் வூட்டுக்காரரும் வாக்குக் குடுத்தவருதான, வேணாம்னா சொல்லப் போறாரு?"

தனக்கோடி நீட்டிய காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். புருஷன் காதுக்கு இது போனால் நாளைக்கே மண்டபம் பிடித்துவிடுவான்.

"எல்லாம் அந்தக் கடுதாசியால வந்த வினை" என்று மூக்கைச் சிந்தினாள் அங்காளம்மா. "எழுதுன பாவி கை வெளங்காமப் போவ!"

"சபிக்காதம்மா!"

தனக்கோடி தன் வலது கையை அவள் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"படிக்கணும்னு எம் பொண்ணு அழுதா, அவங்கப்பன் காதுல வாங்கல. அவளைப் பத்தி எழுதினா அவ பேரு கெடும்னு, என்னைப் பத்தி இந்தக் கையாலதான் எழுதினேன். அது பலிச்சதுக்குத்தான் இப்ப கோயிலுக்கு நடந்துகினு கீறேன்!"