கோல்கம்பம் வரைக்கும்

ராய்ஸ்டன் எட்டாவது பேஸ் ஒலிபெருக்கிப் பெட்டியை லாரியிலிருந்து இறக்கியபோது அவனுடைய சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி நிறையும் போலிருந்தது.

திடலின் மறுகோடியில், கோல்கம்பத்துக்குப் பக்கத்தில், லிண்டாவின் அப்பா ஆம்புரோஸ் பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

ரந்தா ஊரில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவனுக்கு மகளைக் கட்டிக்கொடுக்க அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்.

“மண்டபத்துக்குள்ள பூனைகூட புலி மாதிரி உறுமும்லா. வெட்டவெளியில உறும வச்சுக் காட்டு. இங்க உக்காந்திருக்கிற என் நெஞ்சு அதிரணும். மூணு சான்ஸ்தான்.”

இரண்டு போய்விட்டன.

முதலில் பெட்டிகளைத் திடலின் நான்கு மூலைக்கும் பிரித்து வைத்தான். பாட்டு கேட்டது. அதிர்வு மட்டும் செம்பனைக் காட்டுக்குள் ஓடிப்போனது.

அடுத்து, காவடி ஊர்வலத்துக்கு ஏற்றுவதுபோல எல்லாவற்றையும் லாரி மேல் அடுக்கினான்.

“மேல போற பிளேனுக்கா போடுற?” என்று ஆம்புரோஸ் அங்கிருந்தே கத்தினார்.

இப்போது எட்டையும் தரையிலேயே, ஒன்றோடொன்று உரச, பழைய ஸ்டோர் சுவரை ஒட்டி நிறுத்தினான். தரையும் சுவரும் சேர்ந்து சத்தத்தை முன்னால் தள்ளும் என்று கணக்குப் போட்டிருந்தான். பெட்டி ஒன்று நாற்பது கிலோ. உதவிக்கு வந்த நண்பனை ஆம்புரோஸ் காலையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்.

லிண்டா ஐஸ் மைலோ கோப்பையை நீட்டினாள்.

“மூணு மணி நேரமா அப்பா உன்னையேதான் பாத்துக்கிட்டு இருக்காரு. வெயில்ல இருந்து எழுந்திருக்கவே மாட்டேங்கிறாரு.”

அவன் மைலோவை வாங்கவில்லை. இதுவும் போனால் அவ்வளவுதான்.

கையை உயர்த்தி மூன்று விரல் காட்டினான்.

இரண்டு.

ஒன்று.

ஆம்புரோஸ் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஒரு சுற்று தள்ளாடினார்.

“போதும்டா, போதும்! எலும்பெல்லாம் ஆடுது! ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் உங்க அம்மா அப்பாவக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வா!”

நாற்காலியைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டை நோக்கி நடந்தார்.

லிண்டா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ராய்ஸ்டன் இன்னும் சுவிட்சைத் தட்டவே இல்லை.